ஸ்காட்லாந்து பிள்ளைங்களோட ஆன்லைன் கிளாஸ்: மணியும் மாறுச்சு, யூனிட்டும் மாறுச்சு

நர்சிங் காலேஜ்ல டியூட்டரா இருக்கேன். எங்க செகண்ட் இயர் பிள்ளைங்களும் ஸ்காட்லாந்துல ஒரு யூனிவர்சிட்டி நர்சிங் பிள்ளைங்களும் வாரம் ஒருக்கா வீடியோ கால்ல உக்காந்து கேஸ் டிஸ்கஷன் பண்ணணும்னு ஏற்பாடு. மெயில், பர்மிஷன் எல்லாம் சட்டுனு முடிஞ்சிருச்சு.

காலேஜ் வைஃபைதான் முதல் அடி. வீட்டுல நல்லா ஓடுற கால் லேப்ல படம் உறைஞ்சு நிக்குது. சிஸ்டம் ரூம்ல கேட்டா "ஃபயர்வால்ல பிளாக் மேடம், பிரின்ஸிபால் கையெழுத்தோட லெட்டர் கொண்டாங்க"ன்னாரு, கொண்டு போனா ஆளு லீவு, மூணு தடவை மாடி ஏறி இறங்கினதுதான் மிச்சம், கடைசில என் போன் ஹாட்ஸ்பாட்லதான் கிளாஸ் ஓடுச்சு. அப்புறம் ஒரே ரூம்ல ஆறு லேப்டாப் வச்சா ஒண்ணுல மட்டும் மைக்கும் ஸ்பீக்கரும் போடுங்க, இல்லன்னா வர்ற ஊளைச் சத்தத்துக்கு பக்கத்து வார்டே எந்திரிச்சு வந்துரும்.

நெட்டை விட மோசமா மாட்டுனது கடிகாரத்துல. அவங்களுக்கு காலைல 10, நமக்கு மதியம் 2.30, இப்படித்தான் மூணு வாரம் போச்சு. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வச்சிருவாங்கன்னு எனக்கு உறைக்கவே இல்ல. 2.30க்கு உக்காந்தோம், ஒருத்தரும் வரல, 3.30க்கு அவங்க சிரிச்ச முகமா வந்து நிக்கும்போது எங்க பிள்ளைங்க பாதிப்பேர் காலேஜ் பஸ்ல ஏறியாச்சு. வந்த கோவத்துல யாரைத் திட்டுறது சொல்லுங்க.

பாடத்துலயும் ஒரு கூத்து. ஸ்காட்லாந்துப் பொண்ணு ஒருத்தி "ஃபாஸ்டிங் சுகர் 7"னு சொன்னதும் எங்க பிள்ளைங்க பதறிட்டாங்க, ஒருத்தி "மேம், பேஷன்ட் உயிரோட இருக்காங்களா"ன்னு கேட்டே கேட்டுட்டா. அங்க லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு, நமக்கு 100 மில்லிக்கு மில்லிகிராம் கணக்கு, 18ஆல பெருக்கினா நம்ம 126. ஹீமோகுளோபின் 98னு வந்தப்போ ஒரே சிரிப்பு, அது லிட்டருக்கு கிராம், 100 மில்லிக்கு கிராம்னு பாக்குற நம்ம கணக்குல 9.8, அனீமியா, அதாவது ரத்தசோகை. கிளாஸுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் யூனிட் பட்டியல் அனுப்பிருங்க.

இப்ப கிளாஸ் 3.30தான். பஸ் டிரைவர் அண்ணன்கிட்ட புதன்கிழமை மட்டும் லேட்டா எடுங்கன்னு கெஞ்சி சம்மதம் வாங்கியாச்சு. மார்ச் கடைசி ஞாயிறு திரும்பவும் மணி மாறும், காலண்டர்ல சிவப்புல சுழிச்சு வச்சிருக்கேன்.