விடியலில் தொடங்கும் கணக்கு

ஒரு வருஷம் கழித்து வீடு வந்திருக்கிறேன். இருட்டு விலகும் முன்பே அம்மாவோடு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனேன். ஏலச் சத்தத்தில், தான்சானியாவில் நான் தன்னார்வ ஆசிரியையாக இருக்கும் பாகமோயோ கடற்கரை நினைவுக்கு வந்துவிட்டது. அங்கேயும் இதே கூச்சல், இதே கவிச்சி.

அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் மணிக்கணக்கு விடியலிலிருந்து தொடங்கும். நம்முடைய காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. போன புதிதில், '2 மணிக்கு வகுப்பு' என்றதும் மதியம் போய் நின்றேன். பிள்ளைகள் காலை 8 மணிக்கே வந்து காத்திருந்துவிட்டுப் போயிருந்தார்கள். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

தாத்தாவிடம் சொன்னேன். "நம்ம நாழிகைக் கணக்கும் சூரியன் உதிக்கறதுல இருந்துதாம்மா" என்றார். ஒரு நாழிகை 24 நிமிடம், பகல் முழுக்க 30 நாழிகை.

சரி, திரும்பிப் போனதும் முதல் பாடம் இதுதான்.