பழைய பைலட் படகை ஆய்வுக்கு எடுத்தால்: பிரிஸ்டல் சேனல் கட்டர்களை வைத்து ஒரு வழிகாட்டல்

துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்கு வழிகாட்டும் உள்ளூர் மாலுமிதான் பைலட்; அவர் கப்பலை எதிர்கொள்ளப் போவது பைலட் படகு. கடல்சார் வரலாற்றில் ஆய்வேடு எழுத வருபவர்கள் பைலட் படகைத் தலைப்பாக எடுத்ததும் செய்யும் முதல் வேலை, படகின் பெயரை இணையத்தில் தேடுவது. தடுமாற்றம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. வேலை செய்த காலத்தில் இந்தப் படகுகளைப் பற்றிய ஆவணங்கள் பெரும்பாலும் படகின் பெயரில் இல்லை, பைலட்டின் பெயரில்தான் இருக்கின்றன. ஓய்வுபெற்று உல்லாசப் படகாக, அதாவது யாட்டாக மாறிய பிறகுதான் படகு தன் பெயரிலேயே ஏடுகளில் வருகிறது. அதற்குள் பெயரே மாறியிருக்கலாம். ஆகவே முதல் பாதிக்கு ஆளைத் தொடருங்கள், இரண்டாம் பாதிக்குப் பதிவு எண்ணைத் தொடருங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு ஓர் ஆவணம் கையில் இல்லாமல் முடிச்சுப் போடாதீர்கள்.

தெற்கு வேல்ஸுக்கும் தென்மேற்கு இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட பிரிஸ்டல் சேனலின் கட்டர்களை, அதாவது ஒற்றைப் பாய்மரம் கொண்ட பைலட் படகுகளைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அசல் படகுகள் இன்றும் மிதக்கின்றன. ஆவணங்களில் ஒரு பகுதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பலரும் ஆசைப்படும் ‘ஜோலி பிரீஸ்’ (1913, ல ஹாவ்ர்) அழகான படகுதான். 1925-இல் நடந்த முதல் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் வென்றது. ஆனால் அதைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள், மூல ஆவணத்துக்குப் பிரெஞ்சும் வேண்டும்.

பின்னணியில் அவசியமானதை மட்டும் சொல்கிறோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பிரிஸ்டலுக்கு அருகே உள்ள ஏவன்மவுத்தில் கடல் மட்டம் சுமார் 12 மீட்டர் ஏறி இறங்கும். மணல்திட்டுகளும் வேகமான ஓதமும் உள்ள அந்த நீரில் உள்ளூர் பைலட் இல்லாமல் கப்பல் நுழைவது ஆபத்து. நெடுங்காலம் ஆதிக்கம் பிரிஸ்டல் நகரத்திடமும், ஏவன் ஆற்றங்கரையில் உள்ள பில் என்ற ஊரின் பைலட்டுகளிடமும் இருந்தது. 1861-ஆம் ஆண்டின் பிரிஸ்டல் சேனல் பைலட்டேஜ் சட்டம் கார்டிஃப், நியூபோர்ட், குளோஸ்டர் ஆகியவற்றுக்குத் தனி வாரியங்கள் கொடுத்தது. 1889-இல் பாரி துறைமுகம் திறந்தது. நிலக்கரி ஏற்றுமதி பெருகப் பெருகப் போட்டியும் கூடியது. பைலட்டுக்குச் சொந்தப் படகு, முதலில் கப்பலைப் பிடித்தவருக்கே கூலி. அதனால் லண்டி தீவையும் தாண்டி மேற்கே போய்க் காத்திருந்தார்கள். பைலட்டோடு ‘வெஸ்டர்ன்மேன்’ என்ற உதவியாளும் ஒரு பையனும் இருப்பார்கள். சிறு துடுப்புப் படகில் பைலட்டைக் கப்பலில் ஏற்றிவிட்டு, இந்த இரண்டு பேருமே கட்டரை ஊருக்கு ஓட்டிவருவார்கள். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் கூட்டுச் சேவையும் நீராவிப் படகும் வந்ததும் கட்டர்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின.

இப்போது வேலைக்கு வருவோம். பைலட் வாரியத்தின் உரிமப் பதிவேடும் கூட்டக் குறிப்பேடும்தான் அடித்தளம். கார்டிஃப் பக்கத்து ஆவணங்களுக்கு கிளமோர்கன் ஆவணக் காப்பகம், பிரிஸ்டல் பக்கத்துக்கு பிரிஸ்டல் ஆவணக் காப்பகம். மின்னஞ்சலில் ‘இன்ன படகைப் பற்றி என்ன இருக்கிறது’ என்று கேட்டால் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் பதில் வரும். பைலட்டின் முழுப்பெயர், துறைமுகம், உத்தேச ஆண்டு என்று கேளுங்கள்.

ஆள் அடையாளத்திலும் குழப்பம் உண்டு. அப்பா, மகன், சித்தப்பா எல்லோரும் ஒரே பெயரில் பைலட்டாக இருப்பது பில் போன்ற ஊர்களில் சாதாரணம். வயதும் உரிமம் பெற்ற ஆண்டும் பொருந்துகிறதா என்று பார்த்தே பிரிக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கு உதவும், ஆனால் அது ஓர் இரவின் கணக்கு. 1881 ஏப்ரல் 3 இரவில் பைலட் கடலில் இருந்திருந்தால் வீட்டுப் பட்டியலில் அவர் இருக்கமாட்டார், மனைவி மட்டும் ‘பைலட்டின் மனைவி’ என்று இருப்பார். அப்போது கப்பல்களுக்கான தனிப் படிவங்களைத் தேடுங்கள். பில் ஊர்க்காரர்கள் ஈஸ்டன்-இன்-கோர்டானோ அல்லது செயின்ட் ஜார்ஜஸ் என்ற பெயரின் கீழும் பதிவாகியிருப்பார்கள். ஊர்ப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பாதிப்பேர் தப்பிவிடுவார்கள்.

அடுத்தது எண். இங்கே விழாத மாணவர் அபூர்வம். 1894-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம், 612-ஆம் பிரிவு, பைலட் படகு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது: பின்புறத்தில் உரிமையாளர் பெயரும் துறைமுகமும், குறைந்தது 1 அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் உள்ள வெள்ளை எழுத்தில். முன்புறம் இரு பக்கமும் உரிம எண். மேல்பாதி வெள்ளை, கீழ்பாதி சிவப்பு என்று பெரிய கொடி. கவனியுங்கள், சட்டம் கேட்பது படகின் பெயரை அல்ல, உரிமையாளர் பெயரை. எண்ணும் உரிமத்துக்கு உரியது. படகை விற்றுப் புதியது வாங்கியவர் அதே எண்ணைப் புதியதிலும் எழுதியிருக்கலாம். அதே படகு இன்னொருவர் கைக்குப் போய் வேறு எண்ணும் பெற்றிருக்கலாம். ‘புகைப்படத்தில் 18, பட்டியலில் 18, எனவே ஒரே படகு’ என்று எழுதிய அத்தியாயம் வாய்மொழித் தேர்வில் இரண்டு நிமிடம் தாங்காது.

மாறாத எண் வேறொன்று இருக்கிறது. பிரிட்டனில் பதிவான கப்பலுக்கு 1850-களின் நடுவிலிருந்து தரப்படும் அதிகாரபூர்வ எண். பெயர், உரிமையாளர், துறைமுகம் எது மாறினாலும் இது மாறாது. படகின் முதன்மை உத்தரத்தில் நிகர டன்னோடு செதுக்கியிருப்பார்கள். ‘க்ரூ லிஸ்ட் இன்டெக்ஸ் ப்ராஜெக்ட்’ இணையதளத்தில் பெயரை வைத்து எண்ணையும், எண்ணை வைத்துப் பெயர்களையும் இலவசமாகத் தேடலாம். பிரிட்டனில் பதிவான கப்பல்களின் பட்டியலான மெர்கன்டைல் நேவி லிஸ்ட் பக்கங்களும் அங்கே கிடைக்கும். எண் கிடைத்ததும் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் பி.டி. 110 (BT 110) தொகுப்பைப் பாருங்கள், மூடப்பட்ட பதிவுகள் அதில் இருக்கின்றன. 64 பங்குகளாகப் பிரித்த உரிமையில் எந்தப் பங்கு எந்தத் தேதியில் யாருக்குப் போனது, பதிவு ஏன் மூடப்பட்டது என்பதெல்லாம் தெரியவரும். நேரில் போக முடிந்தால் சொந்தக் கேமராவில் எடுத்துக்கொள்ளலாம். அங்கே படிக்கும் நண்பர் ஒருவர் இருந்தால் அவரைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்கு நல்ல உதாரணம் ‘கைண்ட்லி லைட்’. 1911-இல் ஃப்ளீட்வுட்டில் ஆர்மர் சகோதரர்கள் பட்டறையில், பாரி பைலட் லூயிஸ் அலெக்சாண்டருக்காகக் கட்டியது. யாட்டான பிறகு ‘தியோடோரா’ என்ற பெயரில் பந்தயங்களில் ஓடியது, பின்னர் பழைய பெயருக்கே திரும்பியது. இடைக்காலத்தைப் பழைய பெயரில் தேடினால் படகு காணாமல் போய்விட்டது போலத் தோன்றும். 1911-இன் ‘கார்னூபியா’ நெடுங்காலம் ‘ஹிர்ட்டா’, 1904-இன் ‘வேவ்’ இன்று ‘பெக்கி’. எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. ஒரே பெயரில் இரண்டு மூன்று படகுகள் வெவ்வேறு துறைமுகங்களில் ஓடியிருக்கும்.

யாட்டுக் காலத்துக்கு லாய்ட்ஸ் யாட்டுப் பதிவேடு (1878 முதல்) இருக்கிறது. ஆண்டுதோறும் வந்த நூல், போர்க்கால இடைவெளிகள் தவிர. கட்டிய ஆண்டு என்று அதில் இருப்பது பெரும்பாலும் உரிமையாளர் சொன்னது. ஒரு பதிப்பில் மட்டும் பார்த்து எழுதாமல் ஐந்தாறு பதிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஆண்டு நடுவில் மாறியிருந்தால் அந்த மாற்றமே ஒரு தடயம்.

அளவுகள் பொருந்தாதபோது மாணவர்கள் பதறிப்போய் ‘இது வேறு படகு’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முதலில் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். அந்தக் காலப் பதிவேட்டில் நீளம் அடியும் பத்தில் ஒரு பங்கும் கொண்டது: 48.6 என்றால் 48 அடி 7 அங்குலம், 48 அடி 6 அங்குலம் அல்ல. இரண்டாவது, பதிவு நீளம் முன்கட்டையின் முன்பக்கத்திலிருந்து பின்கட்டைத் தலை வரைதான். அதற்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பின்புறம் கணக்கில் வராது, தள நீளத்தில் வரும். சில அடி வித்தியாசம் இதிலேயே போய்விடும். மூன்றாவது டன். பதிவு டன் கொள்ளளவுக் கணக்கு, 100 கன அடிக்கு ஒரு டன். யாட்டுப் பதிவேடு தருவது தேம்ஸ் அளவு: நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்து, அகலத்தாலும் அகலத்தில் பாதியாலும் பெருக்கி, 94-ஆல் வகுக்க வேண்டும். 50 அடி நீளம், 14 அடி அகலம் என்றால் 36 × 14 × 7 = 3528, அதை 94-ஆல் வகுத்தால் சுமார் 37½ டன். இதே படகின் நிகரப் பதிவு டன் இதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் அதிர்ச்சி அடையத் தேவையில்லை. ஆனால் அகலம் ஒத்துப்போக வேண்டும். பின்புறத்தை நீட்டினாலும் வெட்டினாலும் அகலம் மாறாது, எனவே முதலில் ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

செய்தித்தாள்களில் நேரம் செலவிடத் தயங்காதீர்கள். வேல்ஸ் தேசிய நூலகத்தின் ‘வெல்ஷ் நியூஸ்பேப்பர்ஸ் ஆன்லைன்’ இலவசம், 1919 வரை போகிறது. ‘பைலட் கட்டர்’ என்று மட்டும் தேடினால் கொஞ்சம்தான் சிக்கும். அந்தக் கரையில் இந்தப் படகுகளை ‘ஸ்கிஃப்’ என்றும், முன்பு ‘யால்’ என்றும் சொன்னார்கள். இந்தச் சொற்களோடு பைலட்டின் குடும்பப் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். எழுத்துணரி மென்பொருள் பழைய அச்சைத் தவறாகப் படிக்கும் என்பதால் பெயரில் ஓரெழுத்து மாற்றியும் பாருங்கள். நாங்கள் மிக மதிப்பது பைலட்டுகளின் படகுப்போட்டி முடிவுகளை. படகின் பெயரும் உரிமையாளர் பெயரும் ஒரே வரியில், தேதியோடு வருவது இங்கேதான். முன்பு சொன்ன முடிச்சுக்கு இதைவிட நல்ல கயிறு குறைவு. மோதல், மூழ்கல், மரண விசாரணைச் செய்திகளும் அப்படியே. விற்பனை விளம்பரத்தில் பெயர் இருக்காது, டன்னும் வயதும் மட்டும் இருக்கும். அதைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள்.

புகைப்படத்தில் கறுப்பு உடல் பைலட் காலத்தைக் காட்டும், வெள்ளை உடல் யாட்டுக் காலத்தைக் காட்டும் என்பது பரவலான குறுக்குவழி, அதை நம்பிவிடாதீர்கள். சட்டம் கறுப்பைச் சொன்னாலும், வாரியம் அனுமதி பெற்று வேறு நிறம் வைத்துக்கொள்ளவும் இடம் தந்திருந்தது. பாய் எழுத்து இடவலம் மாறியிருந்தால் கண்ணாடித் தகட்டைத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள். தளத்தில் உயரமான அறை, உந்துவிசிறித் துளை இவை பிற்காலச் சேர்க்கைகள். 1990-களுக்குப் பிறகு கார்ன்வாலில் பழைய வடிவிலேயே புதிதாகக் கட்டிய கட்டர்கள் நிறைய இருக்கின்றன. இணையப் படங்களில் அவையும் அசலும் கலந்தே கிடக்கின்றன.

பிரிட்டனின் தேசிய வரலாற்றுக் கப்பல் பதிவேட்டை மேற்கோள் காட்டலாம், அதோடு நின்றுவிடக் கூடாது. அதில் உள்ள வரலாற்றுக் குறிப்புக்கு உரிமையாளர் தந்த தகவலும் ஆதாரமாக இருக்கும். அவரிடம் மூல ஆவணம் இருக்கிறதா என்று மரியாதையாக எழுதிக் கேளுங்கள். பலர் பழைய விற்பனைப் பத்திரத்தையே படமெடுத்து அனுப்புவார்கள்.

இந்தியாவிலேயே ஒரு தலைப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஹூக்ளி ஆற்றின் வங்காள பைலட் சேவை இருக்கிறது. அங்கே படகு அரசினுடையது, பைலட் அரசுச் சேவையில் உள்ள அதிகாரி. எனவே மேலே சொன்ன முறை தலைகீழாகும்: கப்பலை நேரடியாகவே பின்தொடரலாம். ஆவணங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் பதிவுகளில் உள்ளன.

குறிப்பு எடுக்க ஒரு விரிதாள் போதும். தேதி, மூலம், படகின் பெயர், உரிம எண், அதிகாரபூர்வ எண், பைலட், துறைமுகம், மூலத்தில் உள்ளபடியே அந்த வரி. மூலத்தில் இல்லாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள், ‘தெரிந்ததுதானே’ என்று நிரப்பினால் ஆறு மாதம் கழித்து எது ஆவணம், எது ஊகம் என்று உங்களுக்கே தெரியாது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இந்த அட்டவணையை வெறுமைகளோடு அப்படியே சேருங்கள். தேர்வாளர் பெரும்பாலும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான், கேள்வி வருவதும் விற்பனை நடந்த ஆண்டுகளுக்குரிய வரிசையிலிருந்துதான். அந்த வரிசைக்கான ஆவண நகலைத் தேர்வு அறைக்கு அச்சிட்டே கொண்டுபோங்கள்.