படிக்கட்டுக்கு அடியில் 9 பேர்

வீட்டைக் காலி செய்தவர்கள் விட்டுவிட்டுப் போன 2 பூனைகள், இன்று 9. எங்கள் குடியிருப்பின் படிக்கட்டுக்கு அடியில்தான் வாசம். பெண் பூனை நாலைந்து மாத வயதிலேயே சினையாகிவிடும். அடுத்த இரண்டே மாதத்தில் குட்டி போட்டுவிடும். அதனால் சோறு வைத்தால் மட்டும் போதாது. இந்த மாதம் 4 பேருக்குக் கருத்தடை முடிந்தது. மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டார்கள். மறுபடி தெரியாமல் பிடித்துக்கொண்டு போகாமல் இருக்க அதுதான் அடையாளம்.

அப்புறம், தயவுசெய்து பால் வைக்காதீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிற்றால் போகும். தண்ணீர் வையுங்கள். உப்புப் போடாமல் வேகவைத்து முள்ளெடுத்த மீன் வையுங்கள்.

கறுப்பி மட்டும் இன்னும் கூண்டுக்குள் வரவில்லை. நேற்றிரவு பதினொன்றரை வரை மத்தி மீனோடு உட்கார்ந்திருந்தேன். இன்றும் உட்காருவேன்.