கைமடியிலிருந்து மெஷினுக்கு

பனியன் கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர் கையில் முதலில் ஏறுவது பிசிர் வெட்டும் சின்னக் கத்தரி. அப்புறம் செக்கிங் மேசை. பிறகு டெய்லர் பக்கத்தில் பீஸ் அடுக்கிக் கொடுக்கும் கைமடி வேலை, அதற்கும் பிறகு மெஷின். கட்டிங் டேபிள் கடைசி. துணி ஆடையாகும் வரிசையோ இதற்கு நேர் தலைகீழ்.

ஜீன் லேவ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1970களில் லைபீரியாவின் தையல்காரர்களிடம் கண்டதும் இதே தலைகீழ் வரிசைதான். அங்கே தொழில் பழக வந்த பையன்கள் பட்டன் வைப்பதிலும் ஓரம் மடித்துத் தைப்பதிலும் தொடங்கி, கடைசியில்தான் துணியில் கத்தரி வைத்தார்கள். பட்டன் தவறினால் பிரித்து வைக்கலாம். வெட்டு தவறினால் துணி போச்சு. திருப்பூரில் ஒன்றன்மேல் ஒன்றாக 80 அடுக்கு துணி விரித்த லேயில் கத்தி அரை இஞ்ச் உள்ளே போனால் 80 பீஸும் டேமேஜ்.

செக்கிங்கை எடுபிடி வேலை என்று நினைப்பவர்கள் அதிகம். என்னைக் கேட்டால், தொழிலின் பாதி அங்கேதான் இருக்கிறது. தையலோரம் பொடி ஓட்டை தெரிந்தால் ஊசி முனை கெட்டிருக்கும், இல்லையென்றால் உருண்டை முனை ஊசி போட வேண்டிய இடத்தில் கூர்முனை ஊசி போட்டிருப்பார்கள். அது பின்னலாடைத் துணியின் கண்ணியில் (வளையத்தில்) உள்ள நூலையே அறுத்துவிடும். சில ஓட்டை துவைத்த பிறகுதான் வெளியே வரும், அதனால் தையலைக் குறுக்கே இழுத்துப் பார்க்க வேண்டும். சைடு தையல் அலையாக நெளிந்தால் டெய்லர் துணியை இழுத்துத் தைத்திருக்கலாம், துணியை அமுக்கிப் பிடிக்கும் மெஷின் காலின் அழுத்தம் கூடியிருக்கலாம். இரண்டும் சரியென்றால் ஓவர்லாக் மெஷினில் துணியை நகர்த்தும் பற்களில் முன்பல் வேகத்தைப் பின்பல்லைவிடக் கொஞ்சம் ஏற்றினால் அலை அடங்கும். மிஞ்சி ஏற்றினால் சுருக்கம் விழும். இதையெல்லாம் கண்ணால் பிடிக்கத் தெரிந்தவர் மெஷினில் உட்காரும்போது பாதி சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அடைப்பு விழுவது கைமடியிலிருந்து மெஷினுக்குத் தாண்டும் இடத்தில். தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் ஓடும் டெய்லருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் கூலி இல்லாத நேரம். ஆகவே பழக்கமெல்லாம் சாப்பாட்டு நேரத்தில், வேஸ்ட் துணியில். அதில் நேர்த்தையல் வந்துவிடும், கழுத்துப்பட்டி வராது. கழுத்துக்கு வைக்கும், இழுபடும் ரிப் துணிப் பட்டியைக் கழுத்தளவைவிடக் குட்டையாக வெட்டியிருப்பார்கள். பட்டியிலும் கழுத்திலும் சுற்றளவை நான்காகப் பிரித்துக் கால்பாகத்துக்கு ஒரு குறி வைத்து, குறிக்குக் குறி ஒரே சீராக இழுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு கால்பாகத்தில் இழுவை கூடினால் கழுத்து கோணிவிடும். நல்ல துணியில், பக்கத்தில் ஆள் நின்று பார்த்தால்தான் இது கைக்கு வரும்.

1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டமும் அதன் விதிகளும், 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும் என்கின்றன. பதிவான ஒப்பந்தம் இல்லாத கைமடி அந்தக் கணக்கில் வரமாட்டார். (கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை நூல் மில்களில் சேர்த்த சுமங்கலித் திட்டம் 'பயிற்சி' என்ற பேரில் கூலியைக் குறைத்த கதை கொங்கு நாட்டில் யாருக்கும் மறந்திருக்காது. காகிதத்தில் பேர் இருந்தால் மட்டும் போதாது.)

கம்பெனி செய்யக்கூடியது சின்ன விஷயம். தினம் அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கும் டெய்லருக்கு அவருடைய முந்தைய வாரச் சராசரிப்படி கூலி போட்டுவிடுங்கள். பழகுகிறவர் தைத்த கட்டுக்குத் தனி டோக்கன் கட்டுங்கள். அதில் வரும் டேமேஜ் டெய்லர் கணக்கில் ஏறக் கூடாது. ஏறினால் மறுநாளே கைமடி பழையபடி பீஸ் அடுக்கிக்கொண்டுதான் இருப்பார்.