முறுக்கு நமத்துப் போகக் கூடாது

கோலாலம்பூரில் அப்பளம் பொரித்து மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவி வருவதற்குள் அது நமத்துப் போய்விடும். உப்புக் குப்பியில் நாலு அரிசி போடாவிட்டால் உப்பு விழாது. தோல் பெல்ட்டை ஒரு மாதம் அலமாரியில் மறந்துவிட்டால் பச்சையாகப் பூசணம் பூத்திருக்கும். இந்த ஊரில், செந்தூலில், ஏழாவது மாடி வீட்டில், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட கல்லுக்காட்டைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு பல்லியை வளர்க்க வேண்டும் என்று என் மகனுக்கு ஆசை வந்தது.

லெப்பர்ட் கெக்கோ. சிறுத்தைப் பல்லி. பெயர்தான் சிறுத்தை, குட்டியில் ஒரு புள்ளிகூட இருக்காது. மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக, என் விரல் நீளம்தான் இருந்தது. புள்ளியெல்லாம் வளர வளரத்தான் வருமாம். வால் மட்டும் தடித்து, பிழிந்துவிட்ட மாதிரி வளையம் வளையமாக இருந்ததால் மகன் அதற்கு முறுக்கு என்று பெயர் வைத்தான்.

மாமியார் கண்ணாடிப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "சுவத்துல ஓடுறத விளக்குமாத்தால விரட்டுறோம். இதைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்தீங்களா மாப்ள?"

விலையை அத்தையிடம் இன்றுவரை பாதியாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவருடைய அடுத்த கவலை பலன். தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தைத் தேடப் போனவரை மகன் தடுத்தான். "இது விழாது பாட்டி. காலுல ஒட்டுற பாதம் கிடையாது, சுவத்துல ஏறவே தெரியாது." சரி, சொல்லுமா என்று கேட்டார். பெரும்பாலும் சத்தமே போடாதாம். "விழவும் விழாது, சொல்லவும் சொல்லாது. அப்புறம் அது என்ன பல்லி?" என்று பாட்டி உள்ளே போய்விட்டார்.

தொல்லை தரையிலிருந்து தொடங்கியது. பல்லியை விற்ற கடையில் ஒரு பை சிவப்பு மணலையும் சேர்த்து விற்றிருந்தார்கள். பாலைவனப் பிராணி, மணல், பொருத்தம்தானே என்று நானும் பரப்பி, ஒரு கல்லை வைத்து, போட்டோ எல்லாம் எடுத்தேன். ராத்திரி மகன் எதையோ படித்துவிட்டு ஓடி வந்தான். குட்டிகள் பூச்சியைப் பாய்ந்து கவ்வும்போது மணலையும் சேர்த்து விழுங்கிவிடுமாம். அது குடலில் கெட்டிப்பட்டு அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாம். பதினோரு மணிக்கு மணல் முழுவதையும் அள்ளினேன்.

அடுத்து தேங்காய் நார்த்தூள். அதுவும் குட்டிக்கு அவ்வளவு உகந்ததல்ல என்பது பிறகுதான் தெரிந்தது; அதற்குள் வேறு கதை நடந்துவிட்டது. நாலாம் நாள் ஒரு மூலையில், மூடி போட மறந்த ஊறுகாய் மேல் பூக்குமே, அந்த மாதிரி வெள்ளைப் பூசணம். கிட்டப் போய்ப் பார்த்தால் அதன்மேல் ஊசிமுனை அளவில் ஏதோ நகர்ந்தது. தேங்காய் நாரில் பாத்திரம் தேய்த்தே வளர்ந்த அத்தை, "நார காய வைக்காம ஈரத்துல போட்டா பூக்காம என்ன செய்யும்?" என்றார். கடைசியில் அடுக்களை டிஷ்யூவை இரண்டு மடிப்பாக விரித்தோம். கேவலமாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் எடுத்துப் போடலாம், விழுங்க எதுவும் இல்லை, போகிற இடமும் தெரியும். முறுக்கு ஒரே மூலையில்தான் போகும். அந்த ஒழுங்கு எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது.

பிறகு ஈரப்பத மீட்டர் வந்தது. இந்தப் பல்லிக்குக் காற்றில் 30 முதல் 40 சதவீத ஈரப்பதம் போதும் என்பது கணக்கு. மீட்டர் 84 காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: ஒரு மூடி உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் களி மாதிரி குழைத்து, மீட்டரோடு ஒரு பையில் காற்றுப் புகாமல் அடைத்து ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நின்றுவிடும். காலையில் பார்த்தேன். 76. மீட்டர் உத்தமம். ஊர்தான் அப்படி.

இணையத்தில் கிடைத்த குறிப்புகளில் பாதி, ஈரத்தைக் கூட்டுவது எப்படி என்றே சொல்லிக்கொண்டிருந்தன. தண்ணீர் தெளி, பாசி வை, மூடியைப் பாதி மூடு. எழுதியவர்கள் எல்லாம் குளிர்காலத்தில் உதடு வெடிக்கிற ஊர்க்காரர்கள் போல. நமக்கு நேர்மாறு. புழுக்கமாக அடைத்து வைத்தால் குட்டிக்கு நெஞ்சில் சளி கட்டும்.

அத்தைக்கு வழி தெரிந்திருந்தது. நான் வேலைக்குப் போன நேரத்தில் இரண்டு கைப்பிடி பச்சரிசியைப் பெட்டிக்குள் தூவிவிட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் முறுக்கு, பொங்கல் கோலத்தில் படுத்த மாதிரி அரிசி நடுவில் படுத்திருந்தது. மீட்டர் 84. அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தது நான்.

உண்மையில் கைகொடுத்தது ஹீட்டர். பெட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் சூட்டு விரிப்பு, கூடவே சூட்டைக் கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட். செரிமானத்துக்கு அந்தப் பக்கம் 32 டிகிரியாவது வேண்டும். கூடவே ஒரு லாபம்: 26 டிகிரியில் 85 சதவீதமாக இருக்கிற காற்றை அப்படியே 32 டிகிரிக்குச் சூடாக்கினால், தண்ணீர் எங்கும் போகாமலே கணக்கு 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை மூடி போட்டேன். தண்ணீர்க் கிண்ணத்தைக் குளிர்ந்த பக்கம் தள்ளினேன். இத்தனைக்கும் மேல் மகன் அறை ஏர்கானை ராத்திரியில் 'டிரை'யில் ஓடவிட்டோம். 55.

"கேஎல்ல பல்லிக்கு ஹீட்டரு. அதுக்கு மேல ஏர்கானு. மனுஷன் நான் ஹால்ல காத்தாடிக்குக் கீழ" என்றார் அத்தை. பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நானும் அந்தக் காத்தாடிக்குக் கீழேதான் படுத்திருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவர் தானாகவே வந்து எட்டிப் பார்ப்பார். குட்டிக்கு எலும்பு வலுக்க, சுவர்க்கோழிகளை ஒரு பையில் போட்டு, கால்சியம் பொடி தூவிக் குலுக்கித்தான் விட வேண்டும். வெள்ளையாக வெளியே வந்த முதல் பூச்சியைப் பார்த்துவிட்டு, "சாகப் போறதுக்கு விபூதி பூசியா அனுப்புறீங்க?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். விபூதியோடு தப்பிய ஒன்று மூன்று நாள் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்து கத்தியது தனிக் கதை.

ஈரத்தை விரட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த வாரத்தில் முறுக்கு வெளுத்தது. சுண்ணாம்பு அடித்த மாதிரி. தோல் உரிக்கிற நேரம் அது. உரித்த தோலைத் தானே தின்றுவிடும். காலையில் உடம்பெல்லாம் பளபளப்பாக இருந்தது, விரல்களைத் தவிர. ஒவ்வொரு விரலிலும் வெள்ளையாக ஒரு சின்ன உறை. அது அப்படியே காய்ந்து இறுகினால் ரத்தம் ஓடாமல் விரலே விழுந்துவிடும். காட்டில் இது வறண்ட இடத்துப் பிராணிதான், ஆனால் பகலில் அது பதுங்குகிற பொந்துக்குள் ஈரம் இருக்கும். அந்தப் பொந்தை நாங்கள் மறந்துவிட்டோம். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பல்லிக்கு ஈரம் போதாமல் செய்தவர்கள் நாங்களாகத்தான் இருக்க வேண்டும்.

இட்லி மாவு வைக்கிற ஐஸ்கிரீம் டப்பாவில் ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் ஓட்டை போட்டு, உள்ளே நனைத்த டிஷ்யூவை வைத்தேன். முதலில் விரலைக் காப்பாற்ற வேண்டுமே. டப்பா மூடியில் கணுக்கால் நனைகிற அளவுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, பதினைந்து நிமிடம் முறுக்கை அதில் நிற்க வைத்தோம். மகன் பஞ்சுக்குச்சியை எடுத்தான். கை நடுங்கியது.

"தள்ளு" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு அத்தை உட்கார்ந்தார். பஞ்சை விரல்மேல் வைத்து அடியிலிருந்து நுனிக்கு மெல்ல உருட்டினார். இழுக்கவில்லை. "கொழந்தைக்குக் கொலுசு கழட்டுற மாதிரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உறை ஒன்று கழன்று தண்ணீரில் வெங்காயச் சருகுபோல மிதந்தது. காலுக்கு ஐந்து, நாலு காலுக்கு இருபது. பத்தொன்பதோடு நிறுத்தி, "ஒண்ணு குறையுதே" என்று காலை மறுபடி எண்ணினார். பின்னங்கால் சுண்டுவிரலில் ஒளிந்திருந்தது. முறுக்கு அவரைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது. வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு. "பாரு, புரியுது அதுக்கு" என்றார்.

இப்போது வீட்டிலேயே காய்ந்த இடம் மகனின் அறைதான் என்பதை அத்தை கண்டுபிடித்துவிட்டார். அப்பளக் கட்டு அங்கே போனது, பின்னாலேயே வடகம். போன தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு டின்கள் நாலும் பெட்டிக்குப் பக்கத்திலேயே அடுக்கப்பட்டன. ராத்திரி பத்து மணிக்கு ஹாலில் இருந்து குரல் வரும்: "டேய், முறுக்கு நல்லா இருக்கான்னு பாத்துட்டுப் படு!"

எதைக் கேட்கிறார் என்று அவன் திருப்பிக் கேட்பதில்லை. இரண்டையும் பார்த்துவிட்டுப் படுக்கிறான். டின்னில் மட்டும் காலையில் ஒன்று குறைந்திருக்கும்.