எண்ணைச் சொல்பவரின் பொறுப்பு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் நான் வேலை செய்யும் பப்பில், கூட்டம் குறைவாக வரும் வாரநாள் இரவொன்றை, சொல்லப்படும் எண்களைச் சீட்டில் குறித்து முடிக்கும் ஆட்டமான பிங்கோவுக்கென ஒதுக்கியிருக்கிறார்கள். அதை நடத்துவது என் பொறுப்பு. பந்தை எடுத்து எண்ணைச் சொன்னால் போதும் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். அந்த எண்ணை எவ்வளவு நிதானமாக, யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதில்தான் ஆட்டத்தின் நேர்மையே இருக்கிறது என்பது நான் இங்கே கற்றது.

இங்கு ஆடுவது 90 எண்கள் கொண்ட ஆட்டம்; நம்மூர் கிளப்புகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் தம்போலா என்று ஆடுவதும் இதே சீட்டை வைத்துத்தான். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து என ஒரு சீட்டில் 15 எண்கள். ஆறு சீட்டுகள் சேர்ந்த முழுத்தாளில் 1 முதல் 90 வரை எல்லா எண்களும் ஒருமுறை மட்டுமே வருமாதலால், அதை வாங்குபவர் நான் சொல்லும் ஒவ்வோர் எண்ணையும் எங்காவது தேடிப்பிடித்து மை வைத்தாக வேண்டும். நீண்ட காலம் ஆடிப் பழகிய மூதாட்டிகள் ஆறு சீட்டுகளையும் ஒரே பார்வையில் அளந்துவிடுகிறார்கள். ஒற்றைச் சீட்டோடு அமரும் இளைஞர்கள்தான் திணறுகிறார்கள். சீட்டிலுள்ள எண்களை முடித்தவர், அடுத்த எண்ணை நான் சொல்லத் தொடங்குவதற்குள் 'ஹவுஸ்' என்று குரல் கொடுக்காவிட்டால் பரிசு போய்விடும் என்பது எங்கள் விதி. ஆகவே நான் அவசரப்பட்டால் இழப்பு அவர்களுக்கே.

ஆங்கிலத்தில் 13, 30 இரண்டும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும் என்பதால், 'ஒன்றும் மூன்றும், பதின்மூன்று' என்று இலக்கங்களைப் பிரித்தும் சொல்வது வழக்கம். பழைய பட்டப்பெயர்களும் இதற்கு உதவுகின்றன. 22க்கு 'இரண்டு குட்டி வாத்துகள்' என்றால் கூடமே 'குவாக் குவாக்' என்று பதில் தரும். 9க்கு 'டாக்டர் உத்தரவு' என்பது, பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர்கள் வீரர்களுக்குக் கொடுத்த ஒன்பதாம் எண் மாத்திரையை ஒட்டி வந்தது. 88க்கு உரிய 'இரண்டு குண்டுப் பெண்கள்' என்பதை மட்டும் நான் சொல்வதில்லை. எதிரே அமர்ந்திருப்பவரின் உடலைக் குத்திக்காட்டிப் பெறும் சிரிப்பு தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

காது சரியாகக் கேட்காதவர்கள் என் உதட்டசைவைப் பார்த்தே ஆடுகிறார்கள். எனவே பந்தைக் குனிந்து படித்த பிறகு, தலையை நிமிர்த்தி, கடைசி மேசை வரை ஒருமுறை பார்த்துவிட்டே வாய் திறக்கிறேன். ஒலிபெருக்கியைக் கூட்டி வைப்பது இதற்கு ஈடாகாது.

பணத்தைப் பொறுத்தவரை, 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. உரிமம் பெற்ற பப்பில் ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் 5 பவுண்டுக்கு மேல் கட்டக் கூடாது. 18 வயது நிரம்பாதவர் ஆடக் கூடாது. கலந்துகொள்ளக் கட்டணம் வாங்கவோ, சேர்ந்த தொகையில் ஒரு பென்னியைக்கூடப் பிடித்துக்கொள்ளவோ பப்புக்கு அனுமதி இல்லை. எங்களுக்கு வருமானம் அன்றைய பான விற்பனையில்தான். அதனால் ஆட்டம் தொடங்கும் முன் சேர்ந்த தொகையை எல்லோரும் கேட்க எண்ணி அறிவிக்கிறேன். யாராவது குரல் கொடுத்தால் அவருடைய சீட்டிலுள்ள எண்களை உரக்கப் படித்துச் சரிபார்க்கிறேன். இருவர் ஒரே எண்ணில் முடித்திருந்தால் பரிசைச் சரிபாதியாகப் பிரித்து, இருவர் கையிலும் கொடுத்த பிறகே பந்துகளை மறுபடி பைக்குள் போடுகிறேன்.