தமிழ்க் கடவுச்சொற்களைத் தின்ற கேள்விக்குறிகள்

ஒரு வாசகர் அமைப்பின் உறுப்பினர் தளத்தைப் புது சர்வருக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. ஜாவா நிரல்மொழியின் 8-ஆம் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்ததை ஜாவா 21-க்குக் கொண்டுபோனோம். மாற்றியதுமே புகார்கள் வந்தன: சரியான கடவுச்சொல்லைத் தட்டினாலும் தவறு என்கிறது. ஆங்கில எழுத்தும் எண்ணும் வைத்திருந்தவர்கள் வழக்கம்போல உள்ளே போனார்கள். தமிழில் கடவுச்சொல் வைத்தவர்கள் மட்டும் வெளியே நின்றார்கள்.

முதல் சந்தேகம் தரவுத்தளத்தின் மீது. ஆனால் ஹாஷ்கள், அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சேமித்து வைக்கும், திரும்ப அவிழ்க்க முடியாத குறிகள், எல்லாம் 64 எழுத்து நீளத்தில் முழுசாக இருந்தன. தளம் பயன்படுத்திய ஷா-256 என்ற ஹாஷ் முறைக்கு அதுதான் சரியான நீளம். ஹாஷ் போடுமுன் கடவுச்சொல்லோடு சேர்க்கும் சால்ட் என்ற தற்செயல் சரம் ஒவ்வொருவருக்கும் தனித்தனி, அதுவும் பத்திரம். பக்கங்களிலும் படிவங்களிலும் தமிழ் பிசகவில்லை. அப்படியென்றால் கடவுச்சொல்லை ஹாஷுக்குள் அனுப்பும் அந்த ஒரே வரிதான் மிச்சம்.

அந்த வரியில் எழுத்துகளை பைட்டுகளாக மாற்ற ஜாவாவின் கெட்பைட்ஸ் கட்டளை அழைக்கப்பட்டிருந்தது, எந்த என்கோடிங் (எந்த எழுத்துக்கு எந்த பைட்டு என்ற அட்டவணை) என்று சொல்லாமலே. சொல்லாவிட்டால் ஜாவா இயல்பு என்கோடிங்கை எடுத்துக்கொள்ளும். 2022-இல் வந்த ஜாவா 18 முதல் அது தமிழும் அடங்கிய யூடிஎஃப்-8. அதற்கு முன் சர்வரின் மொழி அமைப்பைப் பொறுத்தது. பழைய லினக்ஸ் சர்வரில் தளம் தானாகத் தொடங்கும்போது மொழி அமைப்பு எதுவும் தரப்படவில்லை. அதனால் ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டுமே உள்ள ஆஸ்கியை ஜாவா பிடித்துக்கொண்டது.

'வேப்பமரம்' என்ற சொல்லை இரண்டு சர்வரிலும் கொடுத்து பைட்டுகளை அச்சிட்டுப் பார்த்தேன். புதியதில் -32, -82, -75 என்று தொடங்கி 27 பைட்டுகள். பழையதில் 63, 63, 63 என்று ஒன்பது முறை. 63 என்பது கேள்விக்குறி. ஆஸ்கியில் இடமில்லாத ஒவ்வொரு குறியீட்டுக்கும் பதிலாக ஜாவா ஒரு கேள்விக்குறியைப் போடும். பிழை என்று ஒரு வார்த்தையும் சொல்லாது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது அதற்கு அடுத்த சோதனைதான். பழைய சர்வரில் ஒரு சோதனைக் கணக்கை 'வேப்பமரம்' என்ற கடவுச்சொல்லுடன் திறந்து, 'புளியமரம்' என்று கொடுத்தேன். உள்ளே விட்டது. புள்ளியையும் உயிர்க்குறியையும் யூனிகோட் தனித்தனியாக எண்ணுவதால் இரண்டுமே ஒன்பது குறியீடுகள். இரண்டுமே ஒன்பது கேள்விக்குறிகள். இத்தனை காலமும் தமிழில் கடவுச்சொல் வைத்தவர்களின் கணக்கைத் திறக்க நீளம் தெரிந்தால் போதும் என்றே இருந்திருக்கிறது. தாய்மொழியில் வைத்தால் யாரும் ஊகிக்க முடியாது என்று நம்பி வைத்தவர்கள் அவர்கள்.

ஜாவாவைத் தொடங்கும்போதே ஆஸ்கி என்று அமைத்துவிட்டால் புகார்கள் அன்றைக்கே நின்றுவிடும் என்று குழுவில் யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. புகார் நிற்கும், கதவு திறந்தே கிடக்கும்.

சரி, யார் யார் பாதிக்கப்பட்டவர்கள்? ஒவ்வொருவரின் சால்ட்டோடும் எட்டு கேள்விக்குறி, ஒன்பது, பத்து என்று சேர்த்து ஹாஷ் போட்டு ஒப்பிட்டேன். பொருந்தியவை முழுத்தமிழ்க் கடவுச்சொற்கள். தமிழோடு எண்ணும் கலந்தவற்றை இப்படிப் பிடிக்க முடியாது. அவர்கள் உள்நுழையும்போது பழைய முறையிலும் ஒரு ஹாஷ் போட்டோம். அது பொருந்தினால் உள்ளே விடாமல், பதிவான மின்னஞ்சலுக்கு மீட்டமைப்பு இணைப்பை அனுப்பினோம். நடந்தது என்ன என்பதை ஒளிக்காமல் உறுப்பினர்களுக்கு எழுத வேண்டும் என்று வற்புறுத்தினேன், எழுதினார்கள்.

அப்புறம் ஹாஷ் முறையையே மாற்றினோம். ஷா-256 வேகமானது, கடவுச்சொல்லுக்கு அந்த வேகம் திருடனுக்குத்தான் உதவும். கடவுச்சொல்லுக்கென்றே மெதுவாகச் செய்யப்பட்ட பிகிரிப்ட் முறை 72 பைட்டுகளுக்கு மேல் பார்க்காது. தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட்டு என்பதால் 24 குறியீடுகளோடு முடிந்துவிடும், நீளமான சொற்றொடர் வைப்பவருக்குப் பற்றாது. ஆகவே அந்த வரம்பு இல்லாத ஆர்கான்2ஐடி முறையைத் தேர்ந்தெடுத்தோம்.

சோதனையில் இன்னொன்று சிக்கியது. 'கொன்றை' என்பதில் உள்ள 'கொ'வை ககரமும் ஒரே ஒகரக் குறியுமாகவும் எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, பைட்டுகள் வேறு. எனவே கைப்பேசியில் வைத்த கடவுச்சொல்லைக் கணினி மறுக்கக்கூடும். யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். கடவுச்சொல்லை வைக்கும்போதும் சரிபார்க்கும்போதும் முதலில் என்எஃப்சி, பிறகு யூடிஎஃப்-8 என்று பெயர் சொல்லியே பைட்டுகள், கடைசியில் ஹாஷ் என்று வரிசைப்படுத்தினோம். முதல் மீட்டமைப்பு இணைப்பு வெளியே போகும் முன்பே இதை முடித்தாக வேண்டியிருந்தது. ஹாஷ் ஆன பிறகு எந்த வடிவத்தில் தட்டினார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.